கைவேலைப் பக்கம்: தக்கைத் துணியில் ஒரு பெரிய பை



சந்தைக்குப் பிரம்புக்கூடையோடு போய்வந்த பாட்டிமார்களை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இடையில் வந்த பிளாஸ்டிக் பை அந்தப் பழக்கத்தை மறக்கடித்தது. இப்போது காலம் திரும்பிவிட்டது. பினாங்கில் 2009-ஆம் ஆண்டிலேயே இலவசப் பைகளை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரிலோ 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்கு 5 காசாவது வாங்குகின்றன. அரிசியும் காய்கறியும் ஒன்றாகக் கொள்ளும் பெரிய பை ஒன்று வீட்டில் இருப்பது நல்லதல்லவா?

இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது தக்கைத் துணி. துண்டுகள், உள்துணி, கைப்பிடி வார், காந்தப் பொத்தான் எல்லாம் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். பார்க்கத் தோல்போல இருக்கும். தொட்டால் மென்மை, தூக்கினால் கனமே இராது.

இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்களே, அந்தப் போர்த்துகீசியரின் நாட்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. உலகத்துத் தக்கையில் ஏறக்குறைய பாதி அங்கே விளைகிறது. தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்துக்கு 25 வயதான பிறகே முதன்முதலாகப் பட்டையை உரிப்பார்கள்; அதன்பின் 9 ஆண்டுக்கு ஒருமுறை. எந்த ஆண்டு உரித்தது என்பதற்கு அடையாளமாக ஆண்டின் கடைசி எண்ணை மரத்திலேயே எழுதிவிடுவார்கள். பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அளவாக இறங்கினால் பட்டை மறுபடி வளரும். அங்கே கோடரிக்காரனுக்கும் அதே கவலைதான். உரித்த பட்டையை வேகவைத்து, மெல்லிய ஏடாகச் சீவி, துணியின்மேல் ஒட்டினால் தக்கைத் துணி தயார்.

இனித் தையலுக்கு வருவோம். இந்தத் துணியிடம் ஒரு குணம் உண்டு. ஊசி போட்ட ஓட்டை மறையாது. ரவிக்கையில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். இதில் பிரித்தால் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். பொட்டலத்தில் மாற்றுத் துண்டும் இராது. எனவே குண்டூசியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எஞ்சிய ஓரத் துண்டு ஒன்றில் முதலில் நான்கு வரி தைத்துப் பாருங்கள்.

ஊசி 14 அல்லது 16-ஆம் எண் வேண்டும். நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். அங்குலத்துக்கு 8 தையல் போதும். நெருங்கத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவரும். தக்கைப் பக்கம் மேலே இருக்கும்போது மெஷின் பாதம் வழுக்காமல் பிடித்து இழுக்கும். அதற்கென்று தனிப் பாதம் விற்கிறார்கள், ஆனால் காகித டேப்பைப் பாதத்தின் அடியில் ஒட்டி, ஊசி இறங்கும் இடத்தை வெட்டிவிட்டாலே வேலை நடக்கும். வீட்டில் அம்மா காலத்து மிதிமெஷின் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நேர்த்தையலுக்கு அது வலுவானது, மெதுவாகவும் போகும்.

துண்டுகள் இரண்டும் 20 அங்குல அகலம், 17 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்மூலைகளில் 3 அங்குலச் சதுரம் வெட்டி எடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் அரை அங்குலம் விட்டுத் தைத்தால் பையின் அடி 13 அங்குல நீளம், 6 அங்குல அகலம், உயரம் 13 அங்குலம் வரும். உங்கள் பொட்டலத்தின் அளவு வேறாக இருக்கலாம். அதில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கைப்பிடியை முதலில் தைத்துவிட வேண்டும். பையை மூட்டிய பிறகு அது சிரமம். பை முழுவதும் தொங்குவது இந்த நான்கு இடங்களில்தான். அதனால் ஒவ்வோர் இடத்திலும் உள்பக்கம் கெட்டியான துணித் துண்டு ஒன்று வைத்து, சதுரம் போட்டு, அதன் நடுவில் குறுக்காக இரண்டு கோடு தையுங்கள். முன்னும் பின்னும் ஓட்டி முடிச்சுப் போடாதீர்கள். நூலை நீளமாக விட்டு, உள்பக்கம் இழுத்துக் கையால் முடிந்துவிடுங்கள். சிக்கனம் என்று சில பொட்டலங்களில் வாரைக் குட்டையாக வைத்துவிடுகிறார்கள். தோளில் மாட்டிப் பார்க்காமல் தைத்துவிட வேண்டாம்.

மூட்டிய தையலை இரண்டு பக்கமும் விரித்து, மேலே துணி போட்டுச் சப்பாத்திக் கட்டையால் தட்டினால் படிந்துவிடும். இஸ்திரி போடுவதானால் உள்பக்கத்திலிருந்து, மெல்லிய துணி வைத்து, மிதமான சூட்டில். உள்துணியை வெளிப்பையைவிடக் கால் அங்குலம் சிறிதாகத் தைத்தால் உள்ளே தொய்யாது. காந்தப் பொத்தானை அதில் முன்னதாகவே பொருத்திவிடுங்கள். உள்துணியின் அடியில் 8 அங்குலம் திறந்து விடுங்கள்; அதன்வழியாகத்தான் பையைப் புரட்ட வேண்டும். புரட்டும்போது அவசரம் கூடாது. விளிம்பைச் சுற்றி மேல்தையல் போடும்போது, பக்கத் தையலும் வாரும் சேரும் தடித்த இடங்களில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்; ஊசி ஒடியாது.

அழுக்கானால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். துவைக்கும் மெஷினில் போடவே கூடாது. நம் ஊர் ஈரத்தில் உள்துணி பூஞ்சணம் பிடிக்கும். மீன் வாங்கி வந்த அன்று கட்டாயம் பையைத் திறந்து வையுங்கள்.

தைத்து விற்கலாமா என்று நினைக்கும் சகோதரிகள் பொட்டலத்தின் விலையோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். முதல் பைக்கு ஒரு நாள் முழுதும் போனால் வியப்பில்லை. அக்கம்பக்கத்தார் "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள்.

மிஞ்சிய துண்டுகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் கோடு விழுந்துவிடும். சில்லறைப் பைக்கு அவை போதும். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.