சுருதி சேர்க்காத என்ஜின்

வீணைக்குப் புதுத் தந்தி மாட்டியவர் சுருதி சேர்க்காமல் வாசிக்க உட்காருவதில்லை. ஆனால், காருக்குப் புதிய ஏர் ஃபில்டரும் புதிய சைலன்ஸரும் மாட்டியவர் அப்படியே கிளம்பிக் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிவிடுகிறார். "நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை முடுக்கினோம். என்ஜினைத் திறக்கவே இல்லையே, டியூனிங் எதற்கு?" என்கிறார். எதை மாற்றினாலும் டியூனிங் செய்தே தீரவேண்டும் என்று பணம் கேட்கும் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கருத்து. என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவு மாறியதா? மாறியது என்றால், பெட்ரோலை அளந்து ஊற்றும் கருவிக்கு அது தெரியுமா? இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாருதி 800 காரின் என்ஜின் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு என்ஜின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5000 சுற்று சுழன்றால் ஏறத்தாழ 2000 லிட்டர் காற்று உள்ளே போகும். (உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவு. வடிகட்டியும் வளைந்த குழாய்களும் தடுக்கின்றன.) சென்னை வெப்பத்தில் அந்தக் காற்றின் எடை சுமார் 2.3 கிலோ. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று தேவை. ஆகவே, நிமிடத்துக்கு 157 கிராம் பெட்ரோல் வேண்டும். இனி, புதிய ஃபில்டரும் சைலன்ஸரும் தடையைக் குறைத்ததால் காற்று நூற்றுக்கு 5 பங்கு கூடியதாகக் கொள்வோம். கூடுதலாக 8 கிராம் பெட்ரோல் வேண்டும். அதைக் கொடுப்பது யார்?

கார்புரேட்டர் காலத்தில் விடை எளிது: தானாக யாரும் கொடுப்பதில்லை. கார்புரேட்டரின் இடுங்கிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவை அறையிலுள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் அந்தப் பக்கம் தள்ளுகிறது. பழைய ஃபில்டர் காற்றைத் தடுத்தபோது கழுத்தில் அழுத்தம் இன்னும் குறைந்து பெட்ரோல் சற்று அதிகமாகவே வந்தது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பச் சோக்கை இழுப்பதும் இதே தந்திரம்தான். தடையில்லாத ஃபில்டரை மாட்டினால் இந்த உதவி போய்விடும். காற்று கூடும், ஆனால், பெட்ரோல் அந்த விகிதத்தில் கூடாது. கலவை மெலிந்துவிடும். முழு வேகத்தில் மெலிந்த கலவையை எரித்துக்கொண்டே போனால் என்ஜின் தட்டும், வால்வு கருகும், பிஸ்டனில் ஓட்டைகூட விழலாம். எனவே, ஜெட்டை மாற்றியே ஆகவேண்டும்.

பந்தயக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தி வந்தது. (1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடமே வந்துவிட்டது.) நேராக நீண்ட ஓடுதளத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஓடும் என்ஜினுக்குத் தவறான ஜெட் போட்டால், அன்றைக்கே தண்டனை கிடைத்துவிடும். ஊருக்குள் ஓடும் காருக்கோ அது மாதக்கணக்கில் தள்ளிப் போகும். அதனால்தான் பலருக்கும் டியூனிங் வீண்செலவாகத் தோன்றுகிறது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்தது. இப்போது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சுகிறது. "கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொள்ளும்" என்று பலர் சொல்வது இதனால்தான். அது பாதி உண்மை. புகைபோக்கிக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் உணரி, கலவை மெலிந்ததா செறிந்ததா என்று சொல்ல, கம்ப்யூட்டர் திருத்திக்கொள்கிறது. ஆனால், பெரும்பாலான கார்களில் இந்தத் திருத்தம் மிதமான ஓட்டத்தில்தான். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் உணரியை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்தே பீச்சும். மிகவும் காற்று தேவைப்படும் நேரத்தில்தான் அது கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை எழுதிய அட்டவணை முழு வேகத்துக்குப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே வைத்திருக்கும். 13-க்கு 1 என்று வைத்திருந்தால், காற்று 5 பங்கு கூடினாலும் 13.65-க்கு 1 என்றுதான் ஆகும். ஆகவே, வெறும் ஃபில்டர் மட்டும் மாற்றியவர் டியூனிங்குக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்றே சொல்வேன். ஆனால், உறிஞ்சும் குழாயையே அகலமாக மாற்றினால் கதை வேறு. காற்றளவியைப் பழைய குழாயின் விட்டத்துக்கு அளவிட்டு வைத்திருக்கிறார்கள். அகலக் குழாயில் காற்று மெதுவாகப் போவதால், அது உண்மையைவிடக் குறைவாகவே எண்ணும். அதைவிட மோசமானது, என்ஜினை ஒட்டிய புகைக்குழாயை மாற்றி கேஸ்கெட்டைச் சரியாக முடுக்காமல் விடுவது. இடுக்கு வழியே வெளிக்காற்று நுழையும். உணரி அதைப் பார்த்து "கலவை மெலிந்துவிட்டது" என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும். இதற்கு டியூனிங் மருந்தல்ல. ஒழுங்காக முடுக்குவதே மருந்து.

"வண்டி இப்போது சீறுகிறது" என்பதைச் சான்றாக ஏற்காதீர்கள். காதுக்குச் சத்தம்தான் தெரியும், திறன் தெரியாது. கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு வெகு முன்பே, 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியற் கல்லூரி 1920-இல் கிண்டிக்கு வந்துவிட்டது. அங்கே இயந்திரப் பொறியியல் படிக்கப் போகிறவர்கள் உங்களில் இருக்கலாம். என்ஜின் ஆய்வுக்கூடத்தில் டைனமோமீட்டரை அறிமுகப்படுத்துவார்கள். முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளந்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, 9549-ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 3000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் என்றால் 31.4 கிலோவாட். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் இப்படி அளந்து காட்டாத பட்டறையின் வாக்குறுதியை நான் நம்பமாட்டேன்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நச்சு வாயுவைக் கட்டுப்படுத்தும் கன்வர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு டியூனிங்கில் சரிக்கட்டுவது, பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவரின் மூச்சில் கை வைப்பதாகும். அதற்கு எந்த டியூனிங்கும் பரிகாரம் ஆகாது.

உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அடுத்தமுறை சர்வீஸுக்குப் போகும்போது கூடப் போங்கள். மெக்கானிக் அண்ணனிடம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால், அந்த வண்டிக்கு யார் என்ன மாட்டினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.