முன்பணம் எப்போது குற்றமாகிறது?

அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்கு வாத்துக் கூட்டம் வருகிறது. கோடையில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறோம். கரும்பு வெட்ட மேஸ்திரி ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறார். மூன்றும் நமக்குப் பழகிய காட்சிகள். மேய்ச்சலுக்கு என்ன பேச்சு, கிடைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு, வெட்டுக்கூலி டன்னுக்கு எவ்வளவு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வாத்தோடும் ஆட்டோடும் மேஸ்திரியோடும் வந்த ஆள் என்ன பேச்சின் பேரில் வந்தார் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை.

அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2025 மே மாதம் காட்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவனின் உடலைக் காவல் துறையினர் தோண்டி எடுத்தனர். ஆந்திரத்தின் ஏனாதி பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை அவன். வாத்து வளர்ப்பவரிடம் தந்தை வாங்கிய 25,000 ரூபாய்க்காகக் குடும்பமே வேலை செய்தது. தந்தை இறந்த பிறகும் விடவில்லை. வட்டி சேர்த்துக் கூடுதலாகக் கேட்டு, பணத்தோடு தாய் திரும்பி வரும்வரை மகனைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள் என்பது புகார். வாத்து உரிமையாளர் குடும்பத்தினர் கைது செய்யப்பட்டனர்.

இது தனித்த நிகழ்வு அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்த பிறகு, டெல்டாவில் பிழைப்பு இழந்த சில குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஆடு மேய்க்க அனுப்பின. அதிகாரிகள் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டனர். அப்போது முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது.

கடன் கொடுப்பது குற்றமா?

இல்லை. வேலைக்கு முன்பணம் கொடுப்பதும் வாங்குவதும் ஊர் வழக்கம். அந்த முன்பணம் ஆளைக் கட்டிப்போடும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதற்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறது. வாங்கிய கடனுக்காக ஒருவர் கூலியே இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்வது. வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பது. விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழப்பது. தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைப்பது தவறு.

‘பெயரளவுக் கூலி’ என்றால் எவ்வளவு? 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது. பசி ஒருவரை எந்தக் கூலிக்கும் சம்மதிக்க வைக்கும். அந்தச் சம்மதம் சுதந்திரமானதல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

“அவராகத்தானே வந்தார்” என்ற பதிலும் செல்லாது. ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ ஆளைச் சேர்த்து, கொண்டுபோய், சுரண்டலுக்கு உட்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவின்படி ஆள்கடத்தல். இதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு கடுங்காவல். சிறுவர் என்றால் குறைந்தது பத்து ஆண்டு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

கடன் என்ன ஆகும்?

கொத்தடிமை நிலை உறுதியானால் கடன் அந்த நொடியே ஒழிகிறது. அதைக் கேட்டு வாங்குவதே தனிக் குற்றம். கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, 15ஆவது பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது, தொழிலாளியுடையது அல்ல. உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை உண்டு. மேஸ்திரிதான் பணம் கொடுத்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லி எளிதில் ஒதுங்க முடியாது என்பதை ஆள் வைத்து வேலை வாங்கும் விவசாயி மனதில் வைக்க வேண்டும்.

மீட்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய முதல் காகிதம் விடுதலைச் சான்றிதழ். கடன் ஒழிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அரசு உதவிக்கும் அதுவே சாவி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்கலாம். பின்னர் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று திட்டம் சொல்கிறது.

ஓட்டை எங்கே?

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் நடப்பு வேறாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, 1976 சட்டத்தின் தண்டனை: மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் ஜாமீனில் விடத்தக்கது. ஐம்பது ஆண்டுக்கு முன் 2,000 ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒரு வாரக் கூலிக்குக்கூட ஈடாகாது. இரண்டாவது, உதவித்தொகையின் பெரும்பகுதி வழக்கின் போக்கோடு பிணைந்திருக்கிறது. வழக்கு இழுக்கும் ஆண்டுகளில் மீண்ட குடும்பம் எதை உண்ணும்? மறுபடியும் முன்பணத்துக்குத்தான் கை நீட்டும். மூன்றாவது, ஆள்கடத்தலுக்கென்று விரிவான தனிச்சட்டம் இன்னும் வரவில்லை. 2018இல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019இல் காலாவதியானது.

புதிய சட்டத்துக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இயங்க வேண்டும் என்பது 1976 சட்டத்திலேயே உள்ளது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர், சமூகப் பணியாளர் இருவர் ஆகியோரோடு, ஊரக வளர்ச்சிப் பணியில் உள்ளவர்களுக்கும் அதில் இடமுண்டு. வயல்வெளியைத் தினமும் சுற்றிவரும் வேளாண் பணியாளர்களே, எந்த வயலில் எங்கிருந்து வந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பது வட்டாட்சியர் அலுவலகத்தைவிட உங்களுக்கே முன்னால் தெரியும். உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

நம் கையில் இருப்பது

முன்பணம் கொடுத்து ஆள் ஓடிப்போன அனுபவம் பல விவசாயிகளுக்கு உண்டு. அந்த நட்டமும் வயிற்றெரிச்சலும் பொய்யல்ல. நேர்மையாகக் கொடுத்த கடனை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஆளையோ, அவர் பிள்ளையையோ, ஆதார் அட்டையையோ பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கொடுத்த முன்பணத்தை எழுதி, தொழிலாளிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகத் தராமல், வாரந்தோறும் தொழிலாளியின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். பிடித்தம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது அவருக்குப் புரியும்படி இருக்கட்டும். திருவிழாவுக்கோ சாவுக்கோ ஊருக்குப் போக வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை ஆட்டோடோ வாத்தோடோ வந்தால், அந்தக் கூட்டத்தை வயலில் இறக்காதீர்கள்.

சந்தேகம் எழுந்தால் நீங்களே போய் விசாரித்துச் சண்டை போட வேண்டாம். இரவோடு இரவாக ஆட்களை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். சிறுவர் என்றால் 1098, அவசரம் என்றால் 112, சட்ட உதவிக்கு 15100. வருவாய் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் தெரிவிக்கலாம். நேரில் விசாரித்து விடுதலை அளிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது.

அடுத்த அறுவடை முடிந்து வாத்துக்காரர் வரப்பில் வந்து நிற்கும்போது, மேய்ச்சல் பேச்சுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை? பள்ளிக்கூடம் போகலையா?” அந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளை வீடு திரும்ப வழி செய்யலாம்.