ராட்சதன் விழ வேண்டும்

மேஜையின்மேல் பொம்மைகளை நிறுத்தி யுத்தம் நடத்துகிறவர்களிடையே ஒரு வேதாந்தம் பரவி வருகிறது. "விதிகள் மிக அதிகம், வெட்டித் தள்ளுங்கள். யந்திரம் சூடேறுவது எதற்கு? விழுவது எதற்கு? முன்புறம், பின்புறம் என்ற பேதம் எதற்கு? இரண்டு ராட்சதர்கள் நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்ளட்டும்; பலம் அதிகமானது ஜயிக்கட்டும்!" சில நாட்களுக்கு முன் ஓர் இளைஞர் என் எதிரில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னார். அவர் கையில் இருந்தவை பெரிய பொம்மைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. ஒரு பாத்திரத்தை அவனுடைய பலத்தைக் கொண்டு நான் அறிவதில்லை. அவன் எங்கே இடறுவான் என்பதைக் கொண்டே அறிகிறேன். இடறாதவனைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை.

அவர் விதிகளை வெட்ட வந்த ஆட்டத்தின் பெயர் 'பேட்டில்டெக்'. அமெரிக்காவில் 1984இல் 'பேட்டில் டிராய்ட்ஸ்' என்று வந்தது. 'டிராய்ட்' என்ற சொல் தங்களுக்கே உரியது என்று 'ஸ்டார் வார்ஸ்' சினிமாக்காரர்கள் உரிமை கொண்டாடவே, அடுத்த வருஷம் பெயர் மாறியது. பேச்சுக்கு ரோபோ என்கிறோம். உண்மையில் இவை உள்ளே மனிதன் உட்கார்ந்து ஓட்டுகிற, காலால் நடக்கிற யுத்த யந்திரங்கள். எடை 20 டன்னிலிருந்து 100 டன் வரை. தரை அறுகோணக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டம் 30 மீட்டர், ஒரு சுற்று 10 விநாடி. மற்றதை இரண்டு பகடைகள் பார்த்துக்கொள்ளும்.

இனி, அந்த இளைஞர் வேண்டாம் என்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது சூடு. 'ஆசம்' என்று 80 டன் யந்திரம் ஒன்று உண்டு. அதன் மூன்று பெரிய துகள் பீரங்கிகளில் ஒவ்வொன்றும் சுடும்போது 10 அளவு சூடு ஏறும். நடந்துகொண்டே மூன்றையும் சுட்டால் 31. அதன் தணிப்பான்கள் 28ஐத்தான் ஒரு சுற்றில் தணிக்கும். மீதி 3 உள்ளேயே தங்கும். அடுத்த சுற்றிலும் அப்படியே சுட்டால் 6 ஆகிவிடும், நடை தளரும். விடாமல் ஏற்றிக்கொண்டே போய் 30ஐத் தொட்டால் யந்திரம் தானாகவே நின்றுவிடும். ஆகவே மூன்றாம் சுற்றில் ஒரு பீரங்கியை அடக்கி வைப்பதா, துணிந்து சுடுவதா என்று அதை ஓட்டுகிறவன் யோசித்தாக வேண்டும். அந்த யோசனைதான் ஆட்டம்! அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பகடை உருட்டும் கைவேலை.

இரண்டாவது விழுவது. ஒரே கட்டத்துச் சண்டையில் 20 புள்ளி அடி வாங்கினால் யந்திரம் நிலைகுலையும். பகடை கைகொடுக்காவிட்டால் தரையில் சாயும். சாய்ந்தால் படுகிற அடி அதனுடைய எடையைப் பொறுத்தது. நின்ற இடத்தில் விழுந்தால் 20 டன் யந்திரத்துக்கு 2 புள்ளி. 100 டன் யந்திரத்துக்கு 10 புள்ளி. பெருத்த உடம்பே பெருத்தவனுக்குப் பகை. இதை விதியென்று சொல்வதைவிட நியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது ஓட்டமும் திசையும். 'லோகஸ்ட்' என்றால் வெட்டுக்கிளி, 20 டன். 'அட்லஸ்' 100 டன். சாதாரணத் திறமையுள்ள ஒருவன் அட்லஸை அசையாமல் நிறுத்தி, நடுத்தர தூரத்தில் சும்மா நிற்கிற வெட்டுக்கிளியைச் சுடுகிறான். பகடையில் 6 விழுந்தால் போதும். 36 வாய்ப்பில் 26 அவனுக்கு. அதே வெட்டுக்கிளி அந்தச் சுற்றில் 12 கட்டம் ஓடியிருந்தால் அவனுக்கு 10 வேண்டும். 36இல் 6 வாய்ப்புத்தான். ஓடுகிறவன் எங்கே ஓடுவான்? பின்புறத்துக்கு! அட்லஸின் மார்புக் கவசம் 47 புள்ளி, முதுகுக் கவசம் 14. தலைக்கு மட்டும், எத்தனை டன் யந்திரமானாலும், 9 புள்ளிக்கு மேல் கவசம் கிடையாது.

இவற்றையெல்லாம் அழித்துவிட்டு, 'எடைக்கு ஏற்ற உயிர், எடைக்கு ஏற்ற அடி' என்று இரண்டே எண்களை எழுதி வைத்தால் வேகம் வரும், வாஸ்தவம். ஆனால் அதற்குப் பகடை எதற்கு, மேஜை எதற்கு? ஒரு தராசு போதுமே! ஆடுபுலி ஆட்டத்தில் புலியை அடைக்கக் கூடாது என்று விதி செய்துவிட்டு, ஆடுகளைக் கொண்டுவந்து வை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"காலால் நடக்கும் ராட்சத யந்திரமே கற்பனை, கற்பனைக்கு இவ்வளவு கணக்கா?" என்பவரும் உண்டு. அவருக்கு எச்.ஜி. வெல்ஸைக் காட்டுகிறேன். 1898இல் புத்தகமாக வந்த 'உலகங்களின் யுத்தம்' நாவலில் மூன்று கால் யந்திரங்களை இங்கிலாந்தின்மீது நடக்க விட்டவர் அவர். பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகம் எழுதியவரும் அவரே. அந்த நாவலில், ஷெப்பர்டன் அருகே, ஒரு யந்திரத்தின் தலையில் பீரங்கிக் குண்டு பாய்கிறது. ஓட்டுகிறவன் செத்துவிட்டான், யந்திரமோ திசை தெரியாமல் நேரே நடந்து, மாதாகோயில் கோபுரத்தை இடித்துத் தள்ளி, ஆற்றில் விழுகிறது. அந்த ஒரு வீழ்ச்சி இல்லாவிட்டால் மற்ற யந்திரங்களைக் கண்டு நாம் பயந்திருப்போமா? விழக்கூடியதுதான் நிஜம் என்று மனசு நம்புகிறது. கற்பனைக்குத்தான் கணக்கு அதிகம் வேண்டும்.

விதிகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கவசப் புள்ளியையும் பென்சிலால் அடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் நாலே யந்திரங்களைச் சுற்றி வருகிற பக்தர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இதே ஆட்டத்தை 2013இல் 'ஆல்ஃபா ஸ்டிரைக்' என்று சுருக்கினார்கள். ஒரு யந்திரத்துக்கு ஒரு சீட்டு. கட்டங்களை எடுத்துவிட்டு அங்குலக் கோல். ஆனால் சூட்டை விட்டுவிடவில்லை. முப்பது படியை நாலு படியாக்கினார்கள். ஓடுகிறதை அடிப்பது கஷ்டம் என்பதை விடவில்லை. முதுகில் பட்டால் அதிக அடி என்பதையும் விடவில்லை. சதையைக் குறைத்தார்கள், எலும்பை வைத்தார்கள். சுருக்குவது என்றால் இப்படி.

பிரஷ்ய ராணுவத்தில் 1824இல் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த யுத்த விளையாட்டில் அட்டவணைகள் மலிந்து போயின என்று, 1876இல் வெர்டி டு வெர்னாய் அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவரின் தீர்ப்புக்கே எல்லாவற்றையும் விட்டார். சரிதான், அங்கே யுத்தம் அறிந்த நடுவர் ஒருவர் இருந்தார். நம் மேஜையில் இரண்டே பேர். நடுவில் யாரும் இல்லை. எழுதி வைத்த விதிதான் நடுவர். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ப்புச் சொல்லப் போவது யார்? பெரிய பொம்மை வைத்திருப்பவர்தான்.

விதியை மாற்ற வருகிறவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். உங்கள் 100 டன்னை எதிராளியிடம் கொடுங்கள். அவருடைய வெட்டுக்கிளிகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய அதே விதியில் ஒரு பொழுது ஆடுங்கள். சம்மதித்தால் உங்கள் திருத்தத்தை நானும் ஏற்கிறேன். சம்மதிக்காவிட்டால் நீங்கள் விதியைச் சுருக்கவில்லை, ஐயா. மேஜையை உங்கள் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்கிறீர்கள்.