மோசேயின் சட்டமும் மேரி ராயின் வழக்கும்

நாட்டை ஆளும் சட்டம் விவிலியத்தின்மீது அமைய வேண்டும் என்பார் இன்றும் உலகில் இருக்கின்றனர். அமெரிக்காவில் ரஷ்டூனி என்பவர் 1973-இல் இதற்கென்றே பெரிய நூலொன்று எழுதினார். மோசேயின் சட்டம் இன்றைய அரசுக்கும் பொருந்தும் என்பது அவர் கட்சி. ஆப்பிரிக்காவில் சாம்பியா 1991-இல் தன்னைக் கிறித்தவ நாடு என அறிவித்துக்கொண்டது. நம் நாட்டில் இதை மேடையேறி முழங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் விடுதியில் நண்பர் ஒருவர், "மனிதன் எழுதிய சட்டம் நாளைக்கு மாறும், தேவன் தந்த சட்டம் மாறாது, இரண்டில் எது மேல்?" என்று கேட்டுவிட்டால், நம்மில் பலர் விடை தெரியாமல் விழிக்கிறோம். சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று அது.

விடை தேடி அமெரிக்காவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போக வேண்டுவதில்லை. வெலிங்டன் தீவின் படகுத்துறையில் நின்று நாற்புறமும் பார்த்தால் போதும்.

இத்தீவு பெரும்பாலும் மனிதர் செய்த தீவு. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, துறைமுகத்திற்காகக் காயலின் அடியில் தோண்டி எடுத்த மண்ணை வெண்டுருத்தி என்ற பழைய தீவை ஒட்டிக் கொட்டி இதை எழுப்பினார். அந்நாளில் இதைச் சுற்றி மூன்று ஆட்சிகள் நடந்தன. மேற்கே கோட்டைக் கொச்சி ஆங்கிலேயருடையது. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை அடுத்த மட்டாஞ்சேரியும், கிழக்குக் கரையிலுள்ள எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவின் நாடு. தெற்கே சென்று அரூரில் கால் வைத்தால் திருவிதாங்கூர்.

இம்மூன்று இடங்களிலும் கிறித்தவர் வாழ்ந்தனர். ஒரே வேதம், ஒரே பத்துக் கட்டளை. உயில் எழுதாமல் ஒரு தந்தை இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனும் மகளும் இருக்கின்றனர். கோட்டைக் கொச்சியில் இருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மட்டாஞ்சேரியில் இருந்தால், 1921-ஆம் ஆண்டின் கொச்சிக் கிறித்தவ வாரிசுச் சட்டப்படி மகனுடைய பங்கில் மூன்றில் ஒன்றே மகளுக்கு. அரூரில் இருந்தால், 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ச் சட்டப்படி மகன் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது! அதுவும் ஸ்திரீதனம் என்ற பெயரில். கல்யாணத்தின்போது ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று, அல்லது கொடுப்பதாகச் சொல்லியாயிற்று என்றால், அந்தப் பங்கும் கிடையாது.

தேவனுடைய சட்டம் எது, அன்பர்களே? ஓடத்தில் ஏறி இறங்குவதற்குள் மாறிவிடுவதா?

"அவை மகாராஜாக்கள் செய்த சட்டங்கள், விவிலியத்தில் அப்படி இல்லையே" என்று நண்பர் சொல்லலாம். சரி, விவிலியத்தையே பார்ப்போம். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத் என்பவனின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து நிற்கிறார்கள். ஆண் பிள்ளை இல்லாமையால் தந்தையின் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் காணியாட்சி கொடும் என்று வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்பளிக்கிறார். ஆனால் அங்கே பிறந்த விதி என்ன? மகன் இல்லாவிட்டால் மகளுக்கு. மகன் இருந்தால்? பேச்சே இல்லை. 36-ஆம் அதிகாரத்தில் அவர்கள் தம் குலத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்ற கட்டும் சேர்ந்துவிடுகிறது. அக்காலத்திற்கு அது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. அதை அப்படியே எடுத்து இன்றைய சட்டமாக்கினால், அண்ணன் தம்பியோடு பிறந்த பெண் ஒன்றுமில்லாமல் நிற்பாள். திருவிதாங்கூர்ச் சட்டமாவது அவளுக்குக் கால் பங்கு தந்தது!

இந்தச் சட்டங்களை முறித்தது எது? கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் என்ற பெண்மணி, தந்தையின் சொத்தில் சமபங்கு கேட்டு உச்சநீதிமன்றம் சென்றார். அவரும் சிரியன் கிறித்தவர்தாம். 1986 பிப்ரவரி 24-இல் தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் முதல் நாளிலேயே செத்துவிட்டது, அன்றுமுதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது நீதிமன்றம். ஆண் பெண் சமத்துவத்துக்கு அச்சட்டம் முரணானதா என்ற பெரிய கேள்விக்குள் நீதிபதிகள் புகவில்லை. 1951-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் பழையதை நீக்கிவிட்டது என்ற அளவில் நின்றுகொண்டனர். எனக்கு அதில் சிறிது மனக்குறை உண்டு. ஆனால் வழக்காடியவருக்கு வெற்றி வெற்றிதான். நம் குமரி மாவட்டமும் 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகையால், பழைய சட்டம் செல்லுமா செல்லாதா என்று சென்னை உயர்நீதிமன்றத்திலும் இருவகைத் தீர்ப்புகள் வந்திருந்தன. 1986-க்குப் பின் அந்தக் குழப்பமும் தீர்ந்தது.

தீர்ப்பு வந்ததும் திருச்சபைகளில் மகிழ்ச்சி பொங்கியதா? இல்லை. குடும்பங்கள் சிதறும், பழைய பாகப்பிரிவினைகளெல்லாம் கிளறப்படும் என்ற கூக்குரலே மிகுதியாகக் கேட்டது. வேதத்தின் பெயரால் பேச வேண்டியவர்கள் வழக்கத்தின் பெயரால் பேசினார்கள்.

இந்து நண்பர்கள் இதைப் படித்து இறுமாப்படைய வேண்டா. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. நாடு முழுமைக்கும் 2005-இல்தான் வந்தது.

விவிலியச் சட்டத்தை அதன் மூல மொழியிலேயே ஓதி, அதன்படி வாழ முயன்ற ஒரு கூட்டமும் மட்டாஞ்சேரியில் இருந்தது. யூதத் தெருவிலுள்ள பரதேசி யூதர்களின் தொழுகைக் கூடம் 1568-இல் எழுந்தது. உள்நாட்டானுக்கும் அந்நியனுக்கும் ஒரே பிரமாணம் என்று அவர்கள் ஓதிய சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அந்தக் கூடத்திலேயே, அடிமை வழியில் வந்தவர்கள் என்று சொல்லப்பட்டோருக்குச் சம இடம் கிடைக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தியடிகள் காட்டிய அறப்போர் வழியில் இருபதாம் நூற்றாண்டில் போராட வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் குறை சொல்ல இயலாது. வாசித்தவர்களும் வல்லவர்களே. எனினும் அது தன்னைத்தானே நடைமுறைப்படுத்திக்கொள்ளவில்லை.

1950-களில் கொச்சி யூதர்களில் மிகப் பலர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். அங்கே 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணவிலக்கும் மதகுருமார் நீதிமன்றங்களின் கையில். கணவன் தள்ளுதற்சீட்டு எழுதித் தரவேண்டும் என்ற உபாகம விதியின் வழியில் வந்த முறை அது. ஆகவே அவன் தர மறுத்தால், மனைவி வாழவும் முடியாமல் மறுமணம் செய்யவும் முடியாமல் கிடக்கிறாள். பம்பாய்ப் பக்கத்திலிருந்து சென்ற பெனே இஸ்ரயேல் மக்களை, அவர்கள் மூதாதையரின் மணங்கள் முறையானவையா என்று துருவி ஆராய 1960-களின் தொடக்கத்தில் மதகுருமார் முனைந்தனர். 1964 வரை அவர்கள் போராடிய பின்னரே அந்த இழிவு நீங்கியது. மதச் சட்டம் அரசின் சட்டமாகும்போது, யார் உண்மையான விசுவாசி என்று சோதிக்கும் அதிகாரமும் அரசுக்கு வந்துவிடுகிறது. பாஸ்டன் நகரில் 1660-இல் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்மணியைத் தூக்கிலிட்டவர்களும் விவிலியத்தின்படி ஆள்வதாக நம்பியவர்களே. அவளும் அதே விவிலியத்தைப் படித்தவள்.

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. அரசனுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு என்ற எண்ணம் மனித குலத்துக்கு விவிலியம் தந்த பெருங்கொடைகளுள் ஒன்று. நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை ஆகாப் அரசன் கேட்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தை விற்கமாட்டேன் என்று ஓர் எளிய குடியானவன் அரசனை மறுக்கிறான். அரசன் போய்ப் படுத்துக்கொண்டு சோறு உண்ணாமல் முகம் வாடுகிறான்! அந்நாளைய பேரரசுகளில் இது நடக்குமா? நடவாது. ஆனால் கதையை முடிவுவரை படியுங்கள். நாபோத் எப்படிச் செத்தான்? இரண்டு சாட்சிகள், தேவதூஷணக் குற்றச்சாட்டு, ஊருக்கு வெளியே கல்லெறி. மோசேயின் சட்டத்தில் உள்ள முறைப்படியே அவன் கொல்லப்பட்டான். தேவனின் பெயரால் எழுதிய சட்டமும் யேசபேலின் கையில் நன்றாகவே வேலை செய்தது.

அதனால்தான் மாற்றக்கூடிய சட்டம் வேண்டும் என்கிறேன். கிறித்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில், கணவனுக்கு ஒரு நீதியும் மனைவிக்கு ஒரு நீதியும் இருந்தன. கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம் 1995-இல் அதன் கொடிய பகுதியை அறுத்தெறிந்தது. 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மனிதர் எழுதியது; மனிதர் திருத்தினர். சீனாய் மலையிலிருந்து வந்ததென்று முத்திரை குத்தியிருந்தால் யார் கை வைத்திருப்பார்?

லூக்கா சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் இயேசுவிடம் வந்து, ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று கேட்கிறான். சரியாக இதே பாகப்பிரிவினை வழக்கு! என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று அவர் கேட்டு, அந்தப் பதவியை மறுத்துவிடுகிறார். பின்பு பொருளாசையைப் பற்றி எச்சரிக்கிறார்.

அந்த எச்சரிக்கைக்கு இன்றும் வேலை இருக்கிறது. 1986-இன் தீர்ப்பு, உயில் இல்லாத சொத்துக்கு மட்டுமே செல்லும். ஆகவே மகன்களுக்கே எல்லாவற்றையும் எழுதிவைக்கும் தந்தையர் உள்ளனர். சகோதரன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில், குடும்ப ஒற்றுமை கருதி, வாய்திறவாமல் கையெழுத்திடும் சகோதரிகளும் உள்ளனர். இங்கே நீதிமன்றம் புக முடியாது. பிரசங்க பீடம் புகலாம். விவிலியத்தின்படி நாடு நடக்க வேண்டும் என்று வாதிடும் நண்பரை நான் கேட்பதெல்லாம் இதுதான்: செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றி உங்கள் ஆலயத்தில் கடைசியாக எப்போது பிரசங்கம் கேட்டீர்கள்?