உடைக்கும் கைகளின் பிரகடனம்

வண்டியை ஓட்டிப் பிழைப்போரும், உடைத்துப் பிழைப்போரும், உருக்கிப் பிழைப்போரும் தில்லி லோதி ரோட்டில் கூடி ஓர் இயக்கமாக எழுகிறோம். தில்லி மாயாபுரியின் எண்ணெய் படிந்த சந்துகளும் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகத் தெருக்களும் எங்கள் பிறப்பிடம். சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கும் இந்திரா பர்யாவரண் பவன் இங்கிருந்து கூப்பிடு தூரம். விதி பிறக்கும் இடத்தருகே, விதிக்கு உட்படுவோரின் குரலும் பிறக்கிறது.

நாட்காட்டி தீர்ப்பு எழுதும் காலம் முடியட்டும். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டு கடந்த வண்டிகளைத் தில்லிச் சாலைகளிலிருந்து விலக்கியது. 2015இல் டீசல் வண்டிகளின் ஆயுளை 10 ஆண்டாகக் குறுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாட்களிலேயே அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டிக் கடும் நடவடிக்கை கூடாது என்ற உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தக் காப்பைப் பி.எஸ்.4 புகைத் தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டுமே உரியதாக்கியது. வயதிலிருந்து புகையை நோக்கி நீதியே நகரத் தொடங்கிவிட்டது. அந்த நகர்வை நாங்கள் நிறைவுசெய்வோம். ஓயாமல் ஓடிய வண்டிக்கும் கொட்டகையில் நின்ற வண்டிக்கும் ஒரே தண்டனை என்பதை மறுக்கிறோம். நேர்மையான எஃப்.சி. சோதனையே ஆயுளின் அளவுகோல்.

சாவுக்குரிய வண்டி கண்ணியமாகச் சாகவேண்டும். அதை உடைப்பவர் உயிரோடு வீடு திரும்பவேண்டும். 2010இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய கருவி ஒன்று மாயாபுரிக்கு வந்தது. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை உடைத்தவர்களிடம் எவரும் சொல்லவில்லை. கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி மாண்டார். பலர் உடல் வெந்தனர். அது வாகனம் அன்று. ஆயினும் அந்த மௌனம் ஒவ்வொரு வாகனத்துக்குள்ளும் இருக்கிறது. பேட்டரியில் ஈயமும் அமிலமும், ஏசியில் வாயு, வெடிக்காத ஏர்பேக்கில் வெடிமருந்து. சுத்தியல் விழுமுன் இவை வெளியேற வேண்டும்: எரிபொருளும் எஞ்சின் ஆயிலும் வடிய வேண்டும், வாயு உறிஞ்சப்பட வேண்டும், ஏர்பேக் செயலிழக்க வேண்டும். அறிவு முன்னே, ஆயுதம் பின்னே. இதுவே எங்கள் தொழில்முறை. இதுவே எங்கள் தொழிலறம்.

ஒயரை எரித்துச் செம்பெடுக்கும் வறுமையை மறுக்கிறோம். அந்த வறுமையைக் காட்டித் தொழிலாளியை விரட்டும் ஆணவத்தையும் மறுக்கிறோம். 2021ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களைப் படைத்தன. வண்டியை ஒப்படைத்தவருக்கு, புதிய வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கு வழி செய்தன. முதலீட்டுக்குக் கதவு திறந்தது. தலைமுறைத் திறமைக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணால் பார்த்தே கியர்பாக்ஸின் நலம் சொல்லும் மெக்கானிக்குகளை வெளியே நிறுத்திவிட்டு எந்த மறுசுழற்சியும் முழுமை பெறாது.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகள், உற்பத்தியாளரைப் பொறுப்பேற்க வைத்தன. அந்தக் கொள்கையை முழுமனத்தோடு வரவேற்கிறோம். அதைக் குறுக்கியதை ஏற்க மறுக்கிறோம். பொறுப்பின் இலக்கு எஃகின் எடையில் அளக்கப்படுகிறது: முதல் ஐந்தாண்டுகளுக்கு 8 சதவீதம், பின்னர் 13, 2035-36 முதல் 18. எஃகு எப்படியும் விலைபோகும். அதற்குச் சட்டத்தின் உந்துதல் தேவைப்பட்டதே இல்லை. எவரும் வாங்காத இருக்கை நுரையும், கலவைப் பிளாஸ்டிக்கும், ஒட்டுக் கண்ணாடியும்தான் மண்ணில் புதைகின்றன. விலையுள்ளதைச் சந்தை மீட்கும். விலையற்றதை மீட்பதே பொறுப்பு. உடைப்பு நிலையங்களிடம் மறுசுழற்சிச் சான்றிதழை வாங்கிக் கணக்கை முடிப்பது அந்தப் பொறுப்பாகாது.

எங்கள் முதல் கோரிக்கைகளை இந்தச் சாலையிலிருந்தே அனுப்புகிறோம். மாயாபுரியிலும் புதுப்பேட்டையிலும் நச்சு நீக்கும் பொது முற்றங்கள் எழட்டும். அவற்றைச் சிறு கடைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தட்டும். செலவை உற்பத்தியாளர்கள் ஏற்கட்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலுக்கும் பிரிப்பு வழிகாட்டி, தமிழிலும் இந்தியிலும் உடைப்பவர் பேசும் ஏனைய மொழிகளிலும், வண்டி ஷோரூமுக்கு வரும் நாளிலேயே வெளிவரட்டும்.