ஒரு என்ஜினா, இரண்டு என்ஜினா? பழைய படகும் ஒரு இன்ஷூரன்ஸ் கணக்கும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பழைய மோட்டார் படகை வாங்கிப் புதுப்பிப்பது பலருக்கு ஒரு பைத்தியம் என்றே சொல்லலாம். காரணம் இல்லாமல் இல்லை. 1960, 70களில் மயாமிப் பக்கம் கட்டிய ஃபைபர் கிளாஸ் படகுகளின் கூடு அவ்வளவு கெட்டி. ஐம்பது வருஷம் ஆனாலும் கூடு நிற்கும், என்ஜின்தான் செத்துப் போயிருக்கும். அப்போது வருகிறது கேள்வி. அந்த இடத்தில் ஒரு பெரிய என்ஜின் வைப்பதா, இரண்டு சின்ன என்ஜின் வைப்பதா?

"இரண்டு வை. ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும்". யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது என்ஜின் என்பது ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி. பாலிசி எடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பிரீமியம் எவ்வளவு? எந்த ஆபத்துக்குப் பணம் கிடைக்கும்? படகுக்காரர்களில் பலர் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை!

சின்னதாக ஒரு கணக்கு. ஒரு என்ஜின் நூறு பயணத்தில் ஒரு முறை மக்கர் பண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு என்ஜின் இருந்தால், ஏதாவது ஒன்று மக்கர் பண்ணுவது ஐம்பது பயணத்துக்கு ஒரு முறை. அதாவது ரிப்பேர் செலவு இரண்டு மடங்கு. அதே சமயம் இரண்டும் ஒரே பயணத்தில் நிற்பது பத்தாயிரத்தில் ஒன்று. இந்தப் பத்தாயிரத்துக்காகத்தான் எல்லோரும் காசு கொடுக்கிறார்கள். ஆனால் ஒன்று நிற்பதற்கும் மற்றது நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பழைய படகில் அந்தச் சம்பந்தம் நிறையவே உண்டு. பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் ஒன்றுதான். தளத்துக்கு அடியில் பல வருஷமாக அரித்துக்கொண்டிருக்கும் அலுமினிய டேங்க். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10% எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அதை உறிஞ்சினால் முதல் என்ஜின் நிற்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் நிற்கும். ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் கட்டியது போலத்தான். கிணறு வற்றினால் இரண்டும் சும்மா நிற்கும். பேட்டரியும் வயரிங்கும் பொதுவாக இருந்தால் அதே கதை.

அடுத்தது எடை. 23 அடி ஸீகிராஃப்ட் படகை எடுத்துக்கொள்ளலாம். கார்ல் மோஸ்லி வடிவமைத்தது, புதுப்பிப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்தமானது. அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எடை குறைந்தது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் அப்படி இல்லை. 150 குதிரைத்திறன் யமஹா ஒன்று சுமார் 220 கிலோ. இரண்டு மாட்டினால் 440. ஆனால் 300 குதிரைத்திறன் யமஹா ஒன்றின் எடை சுமார் 255 கிலோதான். அதே சக்திக்கு ஏறக்குறைய 185 கிலோ கூடுதல், அதுவும் படகின் கடைசி நுனியில்! பின்பக்கம் அமுங்கினால், தளத்துத் தண்ணீர் வெளியே போக வைத்த துளைகள் வழியாகக் கடல் உள்ளே வரும். பின்பலகைக்குள் இருக்கும் ப்ளைவுட் உளுத்துப் போயிருந்தால் சொல்லவே வேண்டாம்.

பராமரிப்புச் செலவும் இரட்டை. ஆயில், ஸ்பார்க் பிளக், இம்பெல்லர், புரொப்பெல்லர் எல்லாம் இரண்டு இரண்டு. தண்ணீருக்குள் இரண்டு கால் இழுபடுவதால் பெட்ரோலும் கூடத்தான் செலவாகும்.

அப்படியானால் இரண்டு என்ஜின் வைப்பவர்கள் எல்லாம் முட்டாள்களா? இல்லவே இல்லை. 1960-ல் மயாமி-நசாவ் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற 30 அடி மரப்படகு கொந்தளித்த கடலில் எல்லோரையும் முந்தியது. ஓட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பெர்ட்ரம். அதிலிருந்து பிறந்ததுதான் 1961-ல் வந்த பெர்ட்ரம் 31. மாப்பியிலும் இரண்டு என்ஜின், பெர்ட்ரம் 31-லும் வழக்கமாக இரண்டு. இரண்டும் படகுக்குள்ளேயே இடமும் வலமுமாக, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். காற்றடிக்கும்போது துறையில் கட்ட இது பெரிய வசதி. அந்தக் கூடே இரண்டு என்ஜினுக்காகப் போட்டது. அதில் ஒன்றை எடுப்பது தேவையில்லாத வேலை. ஆனால் நெருக்கமாக மாட்டிய இரண்டு அவுட்போர்டில் இந்த வித்தை பாதிகூட நடக்காது.

இன்னொரு கேள்வி, படகு எங்கே போகப் போகிறது? மயாமியிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவு சுமார் 80 கிலோமீட்டர். நடுவில் வடக்கு நோக்கி ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம். எதிரே வடக்குக் காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். அங்கே குடும்பத்தோடு நின்றுபோனால் படகு தானாக வடக்கே அடித்துக்கொண்டு போகும். அந்தப் பயணத்துக்கு இரண்டாவது என்ஜின் நியாயமான செலவு. ஒன்று நின்றால் பழைய வேகம் வராது, பெரும்பாலும் ஆறேழு நாட் வேகம்தான் மிஞ்சும். ஆனாலும் வீடு வந்து சேரலாம்.

கரையோரம் மீன்பிடிக்கிறவருக்கு அது தேவையா? 1983-ல் தொடங்கிய ஸீ டோ போன்ற சேவைகளில் வருஷ சந்தா கட்டினால் நின்ற படகை இழுத்து வந்து விடுவார்கள். இல்லையென்றால் தனி டேங்கோடு 9.9 குதிரைத்திறனில் ஒரு குட்டி என்ஜின் பக்கத்தில் மாட்டலாம். வேகம் கிடையாது, நீரோட்டத்தை எதிர்த்து நிற்காது. ஆனால் தனி டேங்க் என்பதால் அதுதான் நிஜமான இரண்டாவது என்ஜின்!

ஆக, 23, 25 அடிப் படகு, கரைக்குப் பக்கத்தில் ஓட்டம் என்றால் ஒரு நல்ல புது என்ஜின் போதும். மிச்சமாகும் பணத்தைப் புது டேங்க், புதுப் பின்பலகை, புது வயரிங்கில் போடட்டும். கடலில் படகை நிறுத்துவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தூரக் கடலுக்குத்தான் போவேன், இரண்டு என்ஜின்தான் வேண்டும் என்பவர், டேங்க், ஃபில்டர், பேட்டரி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் வைக்கட்டும். அதைச் செய்யாமல் இரண்டு மாட்டினால் பிரீமியம் கட்டியதுதான் மிச்சம், பாலிசி கையில் இல்லை.