டப்பா பவுடரா, வீட்டுப் பயறா?

கேள்வி: ‘‘எனக்கு வயது 43. உயரம் 165 செ.மீ, எடை 84 கிலோ. எடையைக் குறைத்து, உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார் மருத்துவர். புரோட்டீன் பவுடர் இல்லாமல் பயிற்சி செய்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்கிறான் மகன். டப்பா விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா? தோட்டத்து வேலையே பயிற்சி ஆகாதா?’’

- வாசகர், கரூர் மாவட்டம்.

பதில்: மகன் சொல்வதில் பாதி சரி. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கறவை மாட்டுக்குப் பிண்ணாக்கை நிறுத்திவிட்டு வெறும் வைக்கோல் போட்டால் என்ன ஆகும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மாட்டுக்குப் புரதம் பார்த்துத் தீவனம் வைக்கும் வீட்டில், மனிதர்கள் சோறும் ரசமுமாக முடித்துக்கொள்வதுதான் வேடிக்கை.

எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொதுவான பரிந்துரை. எடையைக் குறைத்துக்கொண்டே தசைப் பயிற்சியும் செய்பவர்களுக்கு 1.2 கிராம் அளவில் இருந்தால் நல்லது. இதை இப்போதைய 84 கிலோவுக்குக் கணக்கிட வேண்டாம். எட்ட நினைக்கும் எடைக்குக் கணக்கிட்டால் போதும். 70 கிலோ என்றால் 84 கிராம்.

நம் வழக்கமான சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது? நாளெல்லாம் சேர்த்து 350 கிராம் அரிசி என்றால் 26 கிராம், சாம்பாரில் 30 கிராம் பருப்புக்கு 7, டீயில் சேரும் பாலில் 6. ஏறத்தாழ 40 கிராம்தான். பாதி குறைகிறது.

அந்தப் பாதி பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. முட்டையாகவும் பாலாகவும் பயறாகவும் சந்தைக்குப் போய்விடுகிறது. இரண்டு முட்டையில் 12 கிராம். 50 கிராம் கொள்ளு அல்லது பாசிப்பயறு சுண்டலில் 11. வெண்ணெய் எடுத்த கெட்டித் தயிர் 300 மில்லியில் 10. சோயா உருண்டை 30 கிராமில் 15. சோயா பிடிக்காதவர்கள் 80 கிராம் மீன் அல்லது கோழிக்கறி சேர்க்கலாம். சாம்பார் பருப்பை இரட்டிப்பாக்கினால் இன்னும் 7. சோற்றைப் பாதியாக்குவதால் 13 கிராம் போனாலும், மொத்தம் 82 வந்துவிடும்.

சோற்றைக் குறைப்பதுதான் இங்கே முக்கியம். பழைய சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு இவற்றையும் சேர்த்தால் எடை ஏறவே செய்யும். டீயில் சர்க்கரை, சாயங்கால பஜ்ஜி இரண்டையும் விட்டால்தான் கணக்கு நேராகும். நிலக்கடலையிலும் கவனம் வேண்டும். 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு என்றாலும், 550 கலோரிக்கு மேல் இருப்பதால் ஒரு கைப்பிடி போதும்.

டப்பாவில் வரும் ‘வே’ புரோட்டீன், பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் இருந்து எடுக்கப்படுவது. ஒரு கரண்டியில் ஏறக்குறைய நான்கு முட்டையின் புரதம் இருக்கும். வேறு மாயம் எதுவும் கிடையாது. உடம்பை ஏற்றுவதற்காக இத்தகைய பவுடர்களைத் தவிர்க்கும்படியே 2024-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் சொல்கிறது.

தோட்ட வேலை நல்ல உழைப்புதான். ஆனால், தினமும் அதே மண்வெட்டியை அதே அளவு பிடித்தால் உடம்பு பழகிவிடும். தசை வளர, சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 10 கிலோ மூட்டையை முதுகு வளையாமல் தூக்கி வைப்பது என்று ஆரம்பிக்கலாம். மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. எளிதானதும் மூட்டையில் இரண்டு கிலோ கூட்டலாம்.

தொடங்குவதற்கு முன், அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைப் பாதியாக்கினால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் போதுமானது. முதல் சில வாரங்களில் தராசு அசையாமல் இருக்கக்கூடும். தொப்புளுக்கு நேராக டேப் வைத்து இடுப்பையும் அளந்து குறித்துவந்தால் மாற்றம் தெரியும்.